பலா மரத்தை மிரட்டிய பங்குனி

மரத்தோடு சண்டைக்குப் போய்த் தோற்ற மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க ஆசையாக இருந்தால் கடலூருக்கு வாருங்கள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் இறங்கினால் தெருப் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். "மரத்த மெரட்டினாரே, அவரு வீடு" என்று சொன்னால் ஆட்டோக்காரரே கொண்டுவந்து விட்டுவிடுவார்.

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பாத்திரக் கடையில் வேலை. கடைக் கணக்குத் தவிர வேறு எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இதை நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன். காரணம், என் மச்சான் ஊரெல்லாம் சொல்கிற கதையில் நான் அந்த மரத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டியதாக வருகிறது. அது சுத்தப் பொய். முருகனுக்கு மாலை போட்டிருந்தவன் நான். என் வாயில் கெட்ட வார்த்தை வரவில்லை. (வந்திருந்தால் தேவலை என்று பிறகு தோன்றியது.)

பங்குனி பிறந்தால் எங்கள் வீட்டில் காலண்டர் பார்க்க வேண்டியதில்லை. வாசல் வேம்பு முதலில் சொல்லிவிடும். மாசிக் கடைசியில் இலையெல்லாம் கொட்டிவிட்டுப் பரிதாபமாக நின்ற மரம், ஒரே வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர்விடும். அடுத்த வாரம் பூ. என் மனைவி சரசு கோலம் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் கோலத்தின் மேல் பொரியைத் தூவியதுபோல வேப்பம்பூ கிடக்கும். அவள் அதைப் பெருக்கித் தள்ள மாட்டாள். பழைய வேட்டியை விரித்துவைத்துச் சித்திரை முதல் நாள் பச்சடிக்குச் சேர்த்துக்கொள்வாள். கிணற்றடி முருங்கை ஒரு பக்கம் பூவும் ஒரு பக்கம் பிஞ்சுமாக நிற்கும். குண்டுமல்லிச் செடியில் முதல் மொட்டு தெரிந்தால், அது சாமிக்கு. இரண்டாவது மொட்டும் சாமிக்குத்தான், ஆனால் அது எப்படியோ சரசுவின் தலையில் இருக்கும். அணில் ஒன்று துணி காயப்போடும் கொடியிலிருந்து நார் உருவிக்கொண்டு கூடு கட்டப் போகும். குயில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் விடிவதற்குள் அது கூவுகிற கூவலில் தெருவே எழுந்துவிடும்.

இத்தனையும் பூத்துக் குலுங்குகிற இடத்தில் ஒன்றே ஒன்று மட்டும் எதிலும் பட்டுக்கொள்ளாமல் நின்றது. அது எங்கள் பலா.

வீடு கட்டிக் குடிபோன வருஷம் நான் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம் வாங்கி வந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்ததில் வேட்டியெல்லாம் பிசின். சுளையைத் தின்றுவிட்டு ஒரு கொட்டையை வீட்டுப் பக்கவாட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சரசு ஊன்றினாள். முளைத்தது. அன்றிலிருந்து அரிசி களைந்த தண்ணீர் முழுக்க அதற்குத்தான். மகன் கார்த்தி பெரியவன், இது சின்னவன் என்பாள். பன்னிரண்டு வருஷத்தில் சின்னவன் மாடி உயரம் வளர்ந்தான். இலை உண்டு. நிழல் உண்டு. காய் மட்டும் இல்லை. பண்ருட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே பலா, அடியிலிருந்து நுனிவரை மூட்டை கட்டித் தொங்கவிட்டதுபோலக் காய்க்கிறது. கடைக்கு வருகிறவர்கள் "ஒங்க வீட்ல பலா இருக்கில்ல, எவ்ளோ காய் புடிக்குது?" என்று கேட்டால் நான் அவசரமாகக் குக்கர் விலையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

கார்த்தி கார் வாங்கினான். தெருவில் நிறுத்திய இரண்டாம் நாளே எவனோ ஆணியால் கோடு போட்டுவிட்டுப் போனான். பலா நிற்கிற இடம் சரியாக ஒரு காரின் அகலம். அவன் டேப்பை வைத்து அளந்தும் பார்த்துவிட்டான்.

"காய்க்கவே காய்க்காத மரத்த வச்சிக்கினு என்னாம்மா பண்ணப் போற?" என்றான்.

சரசு அவன் கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டினாள். பிறகு, "இந்தப் பங்குனி முடியட்டும்டா. அதுக்குள்ள ஒரே ஒரு பிஞ்சு விடலன்னா நீயே ஆளக் கூட்டியாந்து வெட்டிக்கோ. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் பின்னாலேயே போனேன். அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னா சரசு?" என்றேன். "வெங்காயம்" என்றாள். நான் மாலை போட்டதிலிருந்து எங்கள் வீட்டில் வெங்காயமே வாங்கவில்லை.

அந்த வாரம் பெண்ணாடம் பக்கத்து விவசாயி ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்கக் கடைக்கு வந்தார். அண்டாவில் பெயர் வெட்டி முடிகிறவரை பேச்சுக்கொடுத்தேன். பேச்சு பலாவுக்கு வந்தது.

"காய்க்காத மரத்துக்குப் பயங் காட்டணும்ங்க" என்றார் அவர். "எங்க புளியமரத்துக்குக் காட்டினோம். மறு வருஷமே கெள ஒடியிற மாதிரி காய்ச்சிது."

"மரத்துக்கு எப்படிங்க பயங் காட்றது?"

"ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு அருவாளோட போவணும். 'ஒனக்குத் தண்ணி ஊத்தி என்னா பிரயோசனம், இன்னைக்கு ஒன்ன வெட்டறன் பாரு'ன்னு ஓங்கணும். இன்னொருத்தரு ஓடியாந்து கையப் புடிச்சிக்கணும். 'வேணாம், இந்த ஒருவாட்டி உட்டுடுங்க, இனிமே காய்க்கும், நான் ஜாமீன்'னு கெஞ்சணும். ஒப்புக்கு ஒரு கொத்து கொத்திட்டு வந்துடணும். மரத்துக்கு ரோஷம் வந்துடும்."

"ரெண்டாவது ஆளு இல்லன்னா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அப்ப அது மெரட்றது இல்லீங்க. வெட்றது."

எனக்கு அந்த இரண்டாவது ஆள் தயாராக இருந்தான். சரசுவின் தம்பி சேகர், சிதம்பரத்தில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வேண்டாம் என்று கதவைச் சாத்துகிறவரிடம் ஜன்னல் வழியாகப் பேசிக் கையெழுத்து வாங்கிவிடுவான். போன் போட்டேன்.

"இதுக்கா மாமா இவ்ளோ தயங்கறீங்க? கெஞ்சறதுதான் எந் தொழிலே. மனுஷங்ககிட்டயே கெஞ்சறேன், ஒரு மரத்துக்கிட்ட கெஞ்ச மாட்டனா?"

"மரத்துக்கிட்ட இல்ல மச்சான். எங்கிட்ட கெஞ்சணும்."

"ஒங்ககிட்டயா? அது பழக்கமான வேலைதான், அக்கா கல்யாணத்துலேர்ந்து செய்யறோம்."

செவ்வாய்க்கிழமை குறித்தோம். கடைக்கு லீவு. முருகனுக்கு உகந்த நாள். கார்த்தி வேலைக்குப் போயிருப்பான். சரசு கோயிலுக்குப் போனால் உச்சிகாலப் பூஜை பார்த்துவிட்டு மதியம்தான் வருவாள். பத்தரை வரை எமகண்டம், அது கழியட்டும் என்று அருவாளைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

பதினொன்றுக்குச் சேகர் வந்தான். பேச்சு வரவில்லை. ஆள் மட்டும் வந்தான்.

ஒரு கன்னம் பலாச்சுளையை ஒதுக்கிவைத்ததுபோல வீங்கியிருந்தது. "என்னா மச்சான்?" என்றேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினான். உள்ளே ஒரு கடைவாய்ப் பல். பஸ்ஸில் வலி தாங்க முடியாமல், இறங்கியவுடன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலேயே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறான். வாய் நிறையப் பஞ்சு. கையில் ஒரு விரலைக் காட்டி, கடிகாரத்தைக் காட்டி, வாயைப் பொத்திக் காட்டினான். ஒரு மணி நேரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாதாம்.

வாழ்க்கையில் ஒரு நிமிஷம்கூட வாயை மூடாதவன், அன்றைக்கென்று பார்த்து ஒரு மணி நேரம் மூடினான்.

புத்தியுள்ளவன் என்றால் வேறொரு நாள் பார்க்கலாம் என்று சோறு போட்டு அனுப்பியிருப்பான். நான், "பரவால்ல மச்சான், நீ கையாலயே கெஞ்சு. மரத்துக்குப் புரியும்" என்றேன். (மரத்துக்குத் தமிழ் தெரியும் என்று நம்பியவன், சைகை தெரியாமலா போகும் என்று நினைத்துவிட்டேன்.) அவன் தாடையைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டி, முருகா என்று அருவாளை ஓங்கினேன்.

"ஏய்! பன்னண்டு வருஷமா ஒனக்குத் தண்ணி ஊத்தறோமே, ஒரு பிஞ்சு விட்டியா நீ? என் பொண்டாட்டி கண்ணுல தண்ணி வர வைக்கிறியே, ஒனக்கு நெஞ்சு இருக்கா?"

அசையவில்லை, மரமும் சேகரும். சேகருக்கும் சேர்த்து நானே சத்தம் போட வேண்டியிருந்தது. குரல் ஏற ஏற எனக்கே ஆவேசம் வந்துவிட்டது.

"முருகன் மேல சத்தியமா சொல்றேன், இன்னைக்கு ஒன்ன வெட்டாம இந்த எடத்த உட்டு நவுற மாட்டேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் கழுத்தில் மாலை உறுத்தியது. பொய் பேசக் கூடாது, கோபப்படக் கூடாது என்று விரதம் இருக்கிறவன், மாலையோடு நின்று சத்தியம் செய்துவிட்டேன். இனி யாராவது வந்து கையைப் பிடித்தே ஆக வேண்டும். சேகரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து மரத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது தலைக்கு மேலே ஒரு குரல் கேட்டது.

"அண்ணே! நெசமாவா? நல்ல காரியம் பண்றீங்கண்ணே!"

பக்கத்து வீட்டுக் கலா. மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்துகொண்டிருந்தவள், கையில் மாவோடு எட்டிப் பார்த்தாள்.

"வத்தல் காயப்போட்டா வத்தல் மேல எல. தொட்டியத் தொறந்தா தொட்டியில எல. சரசக்கா மனசு சங்கடப்படுமேன்னுதான் இத்தினி வருஷமா வாய மூடிக்கினு இருந்தேன். ஏங்க, இங்க வாங்க! அண்ணன் பலாவ வெட்டறாரு!"

கெஞ்ச வேண்டிய இடத்தில் எனக்கு வாழ்த்து வந்தது. அவள் கணவர் ரவி மர வேலைக் கான்ட்ராக்டர். மதில் மேல் தலையை நீட்டிப் பார்த்தார்.

"சாமி, அருவாள்ல ஆவாது சாமி. பலா நல்ல வைரம் பாஞ்ச மரம். ரெண்டு நிமிஷம் இருங்க, மெஷின் எடுத்தாறேன்."

"இல்ல ரவி, அதெல்லாம் வேணாம்..."

"எனக்குச் செலவு ஒண்ணும் இல்ல சாமி. முருகன் மேல சத்தியம் பண்ணிட்டீங்க, கூட நிக்கலன்னா எப்படி?"

சும்மா மிரட்டத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மரத்தின் காதுபட அதைச் சொன்னால் மிரட்டல் அத்தனையும் வீண். அப்புறம் எந்தக் காலத்தில் காய்க்கும்? ரவியைத் தனியே கூப்பிட்டு ரகசியமாகச் சொல்லலாம் என்று மதிலோரம் போவதற்குள், அவர் மெஷின் ரம்பத்தோடு எங்கள் கேட்டுக்குள் நின்றார். வயரை எங்கே சொருகுவது என்று கேட்டார்.

சேகர் இப்போது துள்ளி எழுந்தான். அப்பாடா, வந்துவிட்டான் என்று அருவாள் பிடித்த கையைத் தோதாக நீட்டினேன். அவன் கையைப் பிடிக்கவில்லை. "ம்ம்ம்! ம்ம்ம்!" என்று மரத்தின் அடியைச் சுட்டிக் காட்டினான். அங்கே சரசு வெந்நீர் அடுப்புக்கென்று சாத்திவைத்த தென்னை மட்டைகள் குவிந்து கிடந்தன. குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து காட்டினான். செல்போனை எடுத்து ஏதோ தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினான். கண்ணாடி உள்ளே இருந்தது. எனக்கு வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது.

"என்னா சொல்றாரு?" என்றார் ரவி.

"அடியோட வெட்டணும்ங்கறாரு" என்றாள் மாடியிலிருந்து கலா.

"ம்ம்ம்ம்!" என்று சேகர் தலையில் அடித்துக்கொண்டான்.

ரவி மெஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் குயில்கூட வாயை மூடிக்கொண்டது. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஒப்புக்கு ஒரு கொத்து கொத்த வேண்டும் என்று பெண்ணாடத்துக்காரர் சொன்னாரே, அதைக் கொத்திவிட்டு, "இதோ வெட்டிட்டேன், சத்தியம் தீர்ந்தது" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் பெரிதாகத் தெரியாமல் அடியில், மட்டைக்குப் பின்னால். முருகா, மன்னிச்சிக்கோ.

குனிந்தேன். சேகர் என் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். இப்போதுதான் கெஞ்ச ஆரம்பித்திருக்கிறான், லேட்டாக, என்று எரிச்சலோடு உதறிவிட்டு மட்டைகளுக்கு நடுவே ஒரே போடு போட்டேன்.

அருவாள் மரத்தில் பட்ட மாதிரி இல்லை. வெண்டைக்காயை நறுக்கியதுபோல மெத்தென்று இறங்கியது. மட்டைக்கு அடியிலிருந்து ஏதோ உருண்டு வந்து என் காலடியில் நின்றது. எலுமிச்சம்பழம் அளவு. பச்சை. மேலெல்லாம் பொடிப்பொடி முள். வெட்டிய காம்பிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது.

பலாப் பிஞ்சு. நாங்கள் அத்தனை நாளும் கழுத்து வலிக்க அண்ணாந்து கிளைகளிலேயே தேடினோம். அது அடிமரத்தில், மட்டைக் குவியலின் மறைவில் வந்திருக்கிறது. கல்லில் தாழ உட்கார்ந்த சேகரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

ரவி மெஷினை நிறுத்தினார். கலா மாடியிலிருந்து "ஐயையோ" என்றாள். கேட் திறந்தது. மதியம் வர வேண்டிய சரசு, கையில் அர்ச்சனைக் கூடையோடு அப்போதே வந்து நின்றாள்.

அவள் கூடையைக் கல்லின் மேல் வைத்தாள். குனிந்து பிஞ்சை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பால் அவள் விரல் வழியாக ஒழுகியது.

"யாரு வெட்டினது?"

மூன்று பேருடைய விரலும் என்னைக் காட்டின. கலா மாவுக் கையோடு காட்டினாள்.

"சரசு, நான் வெட்ட வர்ல. மெரட்டத்தான் வந்தேன். மெரட்டினா காய்க்கும்னு..."

"காய்ச்சித்தான இருந்துது!"

அவள் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"காய்க்கலன்னா ஒடனே அருவாளத் தூக்கிடுவீங்களா? இருவத்தாறு வருஷமா ஒங்கள வச்சிக்கினு இருக்கேனே, ஒரு நாளு நான் அருவாளத் தூக்கினனா?"

மாடியில் கலா வாயைப் பொத்திக்கொண்டாள். மாவு மூக்கெல்லாம் ஒட்டியது.

ரவி மெதுவாக, "இல்லக்கா, சாமி முருகன் மேல சத்தியம் பண்ணிட்டாரு, வெட்டாம நவுற மாட்டன்னு..." என்று இழுத்தார்.

"வெட்டறேன்னாரு. வெட்டிட்டாரு. முருகனுக்குக் கணக்குத் தீந்துபோச்சி. ஒரு மரத்த எத்தினிவாட்டி வெட்டுவாரு? நீ மெஷின எடுத்துக்கினு போ தம்பி."

அப்போதுதான் சேகர் பொறுக்க மாட்டாமல் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான். "அக்கா! ஆன் அஃபவே ஆட்டினேன் அக்கா! இஃபரு ஏக்கவே இல்ல!" என்றான். அந்த ரத்த வாயைப் பார்த்து, வெட்டு அவனுக்கும் விழுந்துவிட்டது என்று நினைத்துச் சரசு போட்ட கூச்சல்தான் அன்று தெரு முழுக்கக் கேட்டது. எங்கள் வீட்டு வாசலில் கூட்டம் கூடியதற்கும் அதுதான் காரணம். பலரும் நினைப்பதுபோல நான் காரணமில்லை.

சேகரை உள்ளே படுக்க வைத்துவிட்டு, சரசு தேங்காயெண்ணெயைக் கொண்டுவந்து என் எதிரில் உட்கார்ந்தாள். அருவாளைத் துடைக்கப் போனதில் பலாப் பிசின் என் விரல்களை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தேய்த்தாள்.

"எதுக்குங்க இந்த வேல?"

"நீ அன்னைக்கு வெங்காயம்னு சொன்னியே. வீட்ல வெங்காயம் இல்லியே சரசு."

அவள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். பிசின் போன பிறகும் வெகு நேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கார்த்தி வந்தான். முருகன் படத்துக்கு முன்னால் வாழை இலையில், மஞ்சள் குங்குமத்தோடு பிஞ்சு இருந்தது. பக்கத்தில் விளக்கு எரிந்தது.

"என்னாம்மா இது?"

"சின்னவனோட மொதப் புள்ள. பங்குனி முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கு. பிஞ்சு விட்டாச்சு. பேச்சுன்னா பேச்சுதான்."

அவன் பிஞ்சைப் பார்த்தான், அருவாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பெற்ற பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்த்தான் சிரித்தான். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு முன்வாசலை அளந்தான். மதிலை இடித்துக் கேட்டை அகலப்படுத்தினால், கார் தலையை மட்டும் உள்ளே வைத்து நிற்கும் என்று கண்டுபிடித்தான். இன்றுவரை அப்படித்தான் நிற்கிறது. பின்பாதி தெருவில்.

அந்த வருஷம் மரத்தில் வந்தது அந்த ஒன்றுதான். அடுத்த பங்குனியில் மூன்று காய். எல்லாம் அடிமரத்தில், தரையை ஒட்டி. சரசு ஒவ்வொன்றுக்கும் பழைய புடவையைக் கட்டிவிட்டாள். அணிலுக்காக என்றாள். எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். பழுத்த முதல் பழத்தில் பாதி முருகனுக்குப் போனது, மீதியில் பெரிய பங்கு கலா வீட்டுக்கு. இலை விழுந்தால் இப்போது கலா குறை சொல்வதில்லை. எங்கள் அருவாளைச் சரசு எங்கே ஒளித்தாளோ, இன்னும் கிடைக்கவில்லை. தேங்காய் வெட்டக்கூட ரவி வீட்டில்தான் கேட்டு வாங்குகிறேன். "எதுக்குண்ணே, தேங்காய்க்கா மரத்துக்கா?" என்று கேட்காமல் கலா ஒருநாளும் கொடுத்ததில்லை.

போன வருஷம் கார்த்திக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் நல்ல பெண், அமைதியான பெண், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காது என்று பெண் வீட்டார் சொல்லித்தான் கொடுத்தார்கள். வந்த இரண்டாம் வாரம், காபியில் சர்க்கரை இல்லை என்று நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். அடுப்படியிலிருந்து அந்த அமைதியான பெண்ணின் குரல் பணிவாக வந்தது.

"மாமா, அத்தை இருவத்தெட்டு வருஷமா ஒங்கள வச்சிக்கினு இருக்காங்க..."

வருஷத்தைச் சரியாகக் கூட்டிச் சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துவிட்டு டம்ளரையும் கழுவி வைத்தேன்.

இந்தப் பங்குனியோடு இருபத்தொன்பது ஆகிறது.